வரிசை கூடும்போது எண்ணிப் பாருங்கள்

2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 8 நாட்களில், பிரிட்டனில் கோவிட் தொற்று உறுதியான 15,841 பேர் அரசின் அன்றாடக் கணக்கில் இடம்பெறவில்லை. காரணம் வைரஸ் அல்ல, ஓர் அட்டவணை. சோதனைக்கூடங்களிலிருந்து வந்த முடிவுகள் எக்ஸெல்லின் பழைய கோப்பு வகை ஒன்றில் ஏற்றப்பட்டன. அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்துபோயின. நோயாளிகளுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டுவிட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணிதான் நாள் கணக்கில் தள்ளிப்போனது.

இது போன்ற வேலைகளுக்கு இன்று பலரும் நாடுவது பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகத்தை. 2008-ல் அமெரிக்காவின் ஏ.க்யூ.ஆர். முதலீட்டு நிறுவனத்தில் பணியாற்றியபோது வெஸ் மெக்கின்னி எழுதத் தொடங்கியது. பெயருக்கும் கரடிக்கும் சம்பந்தமில்லை. பொருளாதாரத்தில் புழங்கும் 'பேனல் டேட்டா' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. இதில் 65,536 என்ற வேலி கிடையாது. கம்ப்யூட்டரின் நினைவகம் தாங்கும்வரை வரிசைகளைச் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும் முறை தெரியாவிட்டால் இங்கும் தகவல் காணாமல் போகும். அதே சத்தமில்லாத வகையில்.

பள்ளியின் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு மாணவன் சேர்ந்தால் கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதினால் முடிந்தது. புதிதாக ஒரு பத்தி வேண்டுமென்றால்தான் ஸ்கேலும் பென்சிலுமாக ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட வேண்டும். பாண்டாஸில் கதை தலைகீழ். பத்தி சேர்ப்பது சுலபம்: பெயரைச் சொல்லி மதிப்புகளைக் கொடுத்தால் போதும். கணிதத்தையும் அறிவியலையும் கூட்டி 'மொத்தம்' என்றொரு பத்தியை ஒரே வரியில் உருவாக்கிவிடலாம். வரிசை சேர்ப்பதுதான் செலவு பிடிக்கும் வேலை.

காரணம், உள்ளே தகவல் அடுக்கப்பட்டிருக்கும் விதம். பாண்டாஸ் ஒவ்வொரு பத்தியின் மதிப்புகளையும் இடைவெளியின்றித் தொடர்ச்சியாக வைத்திருக்கிறது. கூட்டல், சராசரி எல்லாம் வேகமாக நடப்பது இதனால்தான். ஆனால் கடைசியில் ஒரே ஒரு வரிசை சேர்ப்பதென்றாலும், எல்லாப் பத்திகளையும் புதிய இடத்தில் பெயர்த்து எழுத வேண்டியிருக்கிறது. 10,000 வரிசைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தால், பழைய வரிசைகளைப் பெயர்த்தெழுதும் வேலை மட்டும் சுமார் 5 கோடி முறை நடக்கும்.

இதற்கென்றே இருந்த 'அப்பெண்ட்' கட்டளை பலரை ஏமாற்றியது. அது பழைய அட்டவணையைத் தொடாமல் புதியது ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கும். வாங்கி வைக்க மறந்தவரின் வரிசை காற்றோடு போகும். 2022 ஜனவரியில் வந்த 1.4 பதிப்பில் அதற்கு எச்சரிக்கை மணி அடிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் 2.0 பதிப்பில் நீக்கியே விட்டார்கள். சரியான வழி எளியது: புதிய வரிசைகளைப் பைத்தானின் சாதாரணப் பட்டியலில் சேகரித்து, கடைசியில் 'கான்கேட்' கட்டளையால் ஒரே தடவையில் இணைப்பது. பெயர்த்தெழுதும் வேலை ஒருமுறைதான்.

தாமதம் கண்ணுக்குத் தெரியும். ஆபத்து, தெரியாமல் நடக்கும் தவறுகளில் இருக்கிறது.

பாண்டாஸில் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அடையாளம் உண்டு. வேறு எதுவும் சொல்லாவிட்டால் 0, 1, 2, 3 என்று போகும். இருக்கும் வரிசைகளின் எண்ணிக்கையையே புதிய வரிசையின் அடையாளமாகக் கொடுப்பது பரவலான பழக்கம். நான்கில் 1-ஐ நீக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மீதி 0, 2, 3. எண்ணிக்கை மூன்று. எனவே புதியவருக்கு 3 என்று கொடுத்தால், ஏற்கெனவே 3-ல் இருந்தவர் மேல் புதியவர் எழுதப்படுகிறார். ஒருவரைச் சேர்க்கப்போய் ஒருவரை அழித்தாகிவிட்டது. திரையில் எந்தப் புகாரும் வராது.

பத்தியிலும் இதே வம்பு. வேறொரு அட்டவணையிலிருந்து பத்தியைக் கொண்டுவந்தால், பாண்டாஸ் அதை வரிசைக்கிரமத்தில் ஒட்டுவதில்லை. அடையாளம் பார்த்துப் பொருத்துகிறது. இரண்டிலும் பதிவு எண்தான் அடையாளம் என்றால் இது வரப்பிரசாதம்: பெயர்கள் எந்த வரிசையில் இருந்தாலும் மதிப்பெண் உரியவருக்கே போகும். ஒன்றில் பதிவு எண், மற்றதில் 0, 1, 2 என்றால் எதுவும் பொருந்தாது. பத்தி முழுக்க வெற்றிடம்.

மூன்றாவது கண்ணி, பத்தியின் பெயர். ஒரு கோப்பில் 'மாவட்டம்'; இன்னொன்றில் அதே சொல்லுக்குப் பின்னால் கவனக்குறைவாக ஒரு வெற்றிடம். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இணைத்தால் இரண்டு மாவட்டப் பத்திகள் உருவாகும், இரண்டும் அரைகுறையாக.

இவற்றைப் பிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. சேர்க்கும் முன் எத்தனை வரிசை, எத்தனை பத்தி. சேர்த்த பின் எத்தனை. வெற்றிடம் எத்தனை கூடியது. மூன்று கேள்விகள், மூன்று வரி நிரல். பேரேடு எழுதிய பழைய குமாஸ்தாக்கள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மொத்தம் போட்டு, அதை அடுத்த பக்கத்தின் தலையில் எடுத்தெழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு தொட்டார்கள். பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. மொத்தம் போடும் வேலை இன்னமும் மனிதரிடம்தான் இருக்கிறது.