மொழி வேறு, மனம் ஒன்று

ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே வகுப்பு என்றால்தான் தோழமை மலரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இடைவேளையில் மரத்தடியில் கூடும் குழுக்களைப் பார்த்தாலே இது விளங்கும். இந்த எண்ணம் சரியன்று என்பதே என் கருத்து. இதற்குச் சான்றாக இரண்டாம் உலகப் போர்க்கால நிகழ்ச்சி ஒன்றைக் கூற விரும்புகிறேன்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து கப்பலேறித் தப்ப முயன்ற ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் பெண்கள் பலர் பிடிபட்டு, சுமத்திராத் தீவிலுள்ள பாலெம்பாங் நகரில் சிறை வைக்கப்பட்டனர். அத்தீவில் குடியேறி வாழ்ந்த டச்சுப் பெண்களும் கன்னியரும் குழந்தைகளும் அவர்களோடு அடைக்கப்பட்டனர். சொந்த நாடோ வெகு தொலைவு. உணவும் இடமும் போதவில்லை, மொழியும் வேறு. மனத்தாங்கல்கள் எழுந்ததில் வியப்பென்ன?

அவர்களுள் மார்கரெட் டிரைபர்க் என்பவர் சிங்கப்பூரில் ஆசிரியையாகப் பணியாற்றிய மிஷனரி. நோரா சேம்பர்ஸ் லண்டனில் இசை பயின்றவர். இசைக்கருவி இல்லாவிட்டால் என்ன, குரல்களே கருவிகளாகட்டும் என்று இருவரும் துணிந்தனர். மேலைநாட்டு இசைமேதைகளின் படைப்புகளை நினைவிலிருந்தே தாளில் எழுதி, சொற்களின்றிப் பாடுமாறு நான்கு குரல்களுக்கு அமைத்தனர். சொல் இல்லாததால் ஆங்கிலமா, டச்சா என்ற கேள்விக்கே இடமில்லை. 1943 டிசம்பர் 27 அன்று ஏறத்தாழ 30 பெண்கள், நிற்க வலுவின்றி அமர்ந்தபடியே பாடினார்கள்.

அந்த இசை பசியைத் தீர்க்கவில்லை, நோயையும் விரட்டவில்லை. போர் முடிவதற்குள் பாடியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மடிந்தனர். பாட ஆளின்றி இசை நின்றது. டிரைபர்க் அம்மையாரும் 1945 ஏப்ரலில் சிறையிலேயே உயிர்நீத்தார்.

அப்படியானால் பயன் என்ன? என்று கேட்கலாம். சிறைப்பட்டவர்கள் என்பதை ஒரு மணி நேரமேனும் மறந்து, ஒருவர் குரலுக்கு மற்றவர் செவிசாய்த்தார்களே, அதுவே பயன். உயிர் பிழைத்தோர் காத்துவைத்த அத்தாள்களைக் கொண்டு 1980களில் அமெரிக்காவில் அவ்விசை மீண்டும் பாடப்பட்டது.

முதலில் பழகுவோம், பிறகு சேர்ந்து செய்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சேர்ந்து செய்ததால் தோழியரானார்கள். எனவே, அன்பு மாணவிகளே, தமிழ் தெரியாத புதிய மாணவி ஒருத்தி ஒதுங்கி நின்றால், அவள் பேசக் கற்கட்டும் என்று காத்திராதீர்கள். இன்றே உங்கள் பாடற்குழுவில் அவளுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.