பொறுமை அல்ல, படிப்பு

என் மாணவி சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவும் பெற்றவள். கணவரின் வேலைக்காக டொராண்டோ போனாள். ஒன்டாரியோவில் சிறப்புக் கல்வி என்பது பொது ஆசிரியர் சான்றிதழுக்கு மேல் பெறும் கூடுதல் தகுதி. இவளுக்கோ அதுவே அடிப்படைப் பட்டம். இந்தப் பொருந்தாமையில் சிக்கியவள் இன்று சிறப்பு வகுப்பில் உதவியாளர்.

ஆட்டிசக் குழந்தை ஏன் அலறுகிறது என்று கண்டறிவது அவள்தான். ‘உங்களுக்கு எவ்வளவு பொறுமை!’ என்கிறார்கள். படிப்பு என்று ஒப்புக்கொண்டால் ஆசிரியர் சம்பளம் தரவேண்டும். பொறுமை என்றால் பாராட்டோடு முடிந்துவிடும். நம் ஊரில் அதற்குத் தாயுள்ளம் என்று பெயர்.

தகுதியைச் சோதிக்கட்டும்; அவள் செய்யும் வேலையையும் கணக்கில் சேர்க்கட்டும். தோழியரே, ‘பொறுமைசாலி’ என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லாதீர்கள். ‘இதற்குப் படித்திருக்கிறேன்’ என்று சொல்லுங்கள்.