உப்பைக் குறைக்கச் சொல்கிறீர்கள், சாதியை யார் குறைப்பது?

அம்மாவுக்கு 43 வயதிலேயே பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவர் சொன்னது இரண்டே வார்த்தை: "உப்பைக் குறைங்க. டென்ஷன் ஆகாதீங்கம்மா." தலையாட்டிவிட்டு வெளியே வந்த அம்மா என்னிடம் கேட்டார்: "உப்ப கொறச்சிடலாம்டா. டென்ஷன எங்க போயி கொறைக்கிறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன் தோழர்களே.

விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஒரு சேரி எங்களுடையது. அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவர். நிலத்துக்காரர் வீட்டுப் பொடியன் அவரைப் பெயர் சொல்லி "வா, போ" என்பான். அம்மா அவனை "வாங்க தம்பி" என்பார். கூலி வாங்க வாசலுக்கு வெளியே நிற்பார். ஊர்த்தெரு வழியாக நான் பைக்கில் போனால், திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை சோறு இறங்காது. திருவிழா நாட்களில் தூக்கமே கிடையாது. எங்கே என்ன தகராறோ, எந்தப் பிள்ளை மாட்டிக்கொண்டானோ என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதற்கெல்லாம் உடம்பு ஒரு விலை கொடுக்கிறது. நாய் துரத்தினால் உடம்பு என்ன செய்யும்? அட்ரினலின், கார்ட்டிசால் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தத்தில் சர்க்கரை கூடும். ஆபத்து போனதும் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் நாய் போகவே இல்லையென்றால்? பிறந்ததிலிருந்து தெருமுனையிலேயே படுத்துக் கிடந்தால்? அடங்க வேண்டியது அடங்காது. ரத்தக்குழாய் கெட்டிப்படும், சர்க்கரை நோய் வரும், நோய் எதிர்ப்பு சக்தி குலையும். அமெரிக்க ஆய்வாளர் ஆர்லைன் ஜெரோனிமஸ் 1992இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரக்கதவு உளுத்துப்போவதுபோல, நிறவெறிக்கு நடுவே வாழும் கறுப்பினப் பெண்களின் உடல் வயதுக்கு முன்பே தேய்கிறது என்றார்.

"அமெரிக்கக் கதை நமக்கெதற்கு" என்பவர்களுக்காக இன்னொன்றும் சொல்கிறேன். 2008 மே மாதம் அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சிற்றூரில், ஓர் இறைச்சித் தொழிற்சாலைக்குள் குடியேற்றத் துறை புகுந்து ஏறக்குறைய 400 தொழிலாளர்களைக் கைது செய்தது. அதன் பிறகு வந்த மாதங்களில் அந்த மாநிலம் முழுவதும் லத்தீன் அமெரிக்கத் தாய்மார்களுக்கு எடை குறைவான குழந்தை பிறக்கும் ஆபத்து, முந்தைய ஆண்டைவிட 24 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்த, குடியுரிமை உள்ள தாய்மார்களும் இதில் அடக்கம். வெள்ளையினத் தாய்மார்களுக்கு அப்படிக் கூடவில்லை. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் போஸ்ட்வில்லைப் பார்த்தது கூட இல்லை. "நாளைக்கு நாமோ" என்ற பயமே வயிற்றுப் பிள்ளைவரை போயிருக்கிறது.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். மேல்பாதியில் 2023 ஏப்ரலில், தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கு சீல் வைத்தார்கள். தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆகிவிட்டது. இரண்டு ஆண்டு! அடிபட்டவர்களின் காயத்துக்குக் கணக்கு இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டும் சுற்றியுள்ள சேரிகளில் தூங்காமல் கிடந்த தாய்மார்களின் ரத்த அழுத்தத்துக்கு யாரிடம் கணக்கு இருக்கிறது? 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகளைக் கொன்றார்களே, அந்தப் பயத்தோடு வளர்ந்த தலைமுறைக்கு இன்று என்னென்ன நோய் என்று யார் கேட்டார்கள்?

இருளர் மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே திருட்டு நடந்தாலும் ஜீப் அவர்கள் குடிசைக்குத்தான் வரும். இந்தப் பொய் வழக்குகளை எதிர்த்துத்தான் திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் 1990களிலிருந்து போராடிவருகிறது. ஜீப் சத்தம் கேட்டாலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெண்ணிடம் எந்த மருத்துவர் போய் "டென்ஷன் ஆகாதே" என்பார்?

உடனே ஒரு குரல் வரும்: "எல்லாம் வறுமைதாங்க. குடி, கருவாடு, படிப்பறிவு இல்லாமை. இதில் சாதி எங்கே வந்தது?" வறுமை கொல்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2022இல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்பது மாநிலங்களில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவலைக் கொண்டு ஆயுளைக் கணக்கிட்டது. உயர்சாதி இந்துக்களைவிட பழங்குடிகள் 4 ஆண்டுக்கு மேலும், தலித்துகள் 3 ஆண்டுக்கு மேலும், இசுலாமியர்கள் ஏறத்தாழ ஓர் ஆண்டும் குறைவாக வாழ்கிறார்கள். இந்த இடைவெளியில் பொருளாதார நிலையால் விளக்க முடிந்தது பாதிக்கும் குறைவு. மீதி எங்கிருந்து வந்தது? கருவாட்டிலிருந்தா?

அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. "பாருங்கள், அது வடக்கே நடப்பது" என்று கைகழுவாதீர்கள். வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்ததும், நாங்குநேரியில் மாணவனை வீடு புகுந்து வெட்டியதும் இங்கேதான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தால் அம்மாவுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2025இல் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் சொல் போனாலும் தெரு அதே இடத்தில் இருக்கிறது. மாத்திரை வாசலுக்கு வரும்போது, அதைத் தின்னவைக்கும் சாதியும் அதே வாசலில் நிற்கிறது.

ஆகவே கேட்கிறேன். வீடு வீடாக எடுக்கும் பிரஷர், சுகர் கணக்கை சமூகவாரியாகப் பிரித்து வெளியிடுங்கள். முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சாதி உடம்பை என்ன செய்கிறது என்ற ஆய்வை அங்கிருந்தே தொடங்குங்கள். மருத்துவ மாணவர்களுக்கு அதைப் பாடமாக்குங்கள். வன்கொடுமை நடந்த ஊருக்குப் போலீஸ் வேன் மட்டும் போனால் போதாது. மருத்துவக் குழுவும் போய், மாதக்கணக்கில் தங்கிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளை இழுத்தடிக்காதீர்கள். குற்றவாளி வெளியே திரியும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒரு தாய்க்கு மாத்திரை கூடுகிறது.

தோழர்களே, "மனசை ரிலாக்ஸா வெச்சுக்கோ, யோகா பண்ணு" என்று நம் பிள்ளைகளிடம் யாராவது சொன்னால் திருப்பிக் கேளுங்கள். பயந்து கிடப்பவனிடம் போய்ப் பயப்படாதே என்பீர்கள், பயமுறுத்துகிறவனிடம் எப்போது பேசப்போகிறீர்கள்?

அம்மா இப்போது உப்பைக் குறைத்துவிட்டார். நேற்றிரவு வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது. ஊர்த்தெருவைத் தாண்டுவதற்குள் மூன்று முறை போன் அடித்துவிட்டார்.