ஒட்டினது ஒரு நிமிஷம்... பிரிக்க ஒரு மத்தியானம்!

செகண்ட் ஹேண்ட் கார் வீட்டுக்கு வந்திருக்கும் பாக்கியவான்களே... கொஞ்சம் டிக்கி பக்கம் வாங்க! முதல் ஓனர் ஆசை ஆசையாக ஒட்டிவிட்டுப் போன ஸ்பாய்லர் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கலாம். ஒரு ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு, உள்ளே மண்ணும் மழைத்தண்ணியும் சேர்ந்து, ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் 'கடகட'னு பின்பாட்டு வேறு.

'ரேஸ் கார்லயே இருக்கே பாஸ்?' என்பீர்கள். காற்று கொடுக்கிற விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 200 கி.மீ. வேகத்தில் ஒரு ஸ்பாய்லருக்குக் கிடைக்கிற அழுத்தத்தில் பதினாறில் ஒரு பங்குதான் 50-ல் கிடைக்கும். அதுவும் நம்ம சின்ன கார்களில் பெரும்பாலும் இன்ஜின் சுற்றுவது முன் சக்கரங்களை. ஸ்பாய்லர் அழுத்தப் பார்ப்பதோ பின் சக்கரங்களை. ஸோ, கழற்றினால் கார் கோவிச்சுக்காது. கோவிச்சுக்கப் போவது பெயின்ட்தான்!

கம்பெனியில் அடித்து வருகிற பெயின்ட், அடிப்பூச்சிலிருந்து மேலே பளபளக்கும் கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்தே கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர்தான். நீங்க அசைன்மென்ட் எழுதுற ஏ4 பேப்பர் ஒண்ணோட கனம்! அதைச் சுமார் 140 டிகிரி அடுப்பில் சுட்டு எடுத்திருப்பார்கள். பேர்ந்துபோச்சுன்னா, எந்தப் பட்டறையிலும் அந்தச் சூட்டில் திரும்பச் சுட முடியாது. பிளாஸ்டிக், ஒயர், சீட் எல்லாம் பூட்டின முழு வண்டியாச்சே! அப்பா காசு கொடுத்து மறுபடி அடித்தாலும் அது வேற பெயின்ட்தான். நாளைக்கு வண்டியை வாங்க வர்ற ஆள், வெயிலில் சாய்ந்து பார்த்தே 'இந்த டிக்கி அடிபட்டதா சார்?' என்று கேட்டு விலையைக் குறைப்பார்.

சரி, எதிரியைப் பார்ப்போம். ஸ்பாய்லருக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப். இந்த ரகத்தை 3எம் கம்பெனி 1980-ல் வி.எச்.பி. என்ற பெயரில் கொண்டுவந்தது. இதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு. வேகமாகப் பிடுங்கினால் முரட்டுத்தனமாகப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக, சூடாக அணுகினால் தளர்ந்து கொடுக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புகிற மகான்கள் செய்வது இதற்கு நேர் எதிர். மொத்த விசையும் ஒரு ஓரத்தில் குவியும். அங்கே பசைக்கும் பெயின்ட்டுக்கும் நடக்கிற போட்டியில் எது பலவீனமோ அது கையோடு வரும். பல நேரம் அது பெயின்ட்!

அந்தப் போட்டியே நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம்ம பிளான். பசையை விட்டுவிடுங்க, நடுவில் இருக்கும் ஃபோமை அறுங்க. புரோட்டா கடையில் அவித்த முட்டையை நூலால் அறுப்பாரே மாஸ்டர், அதே டெக்னிக்!

முதலில் டிக்கியைத் திறந்து, உள் லைனிங்கை விலக்கிப் பாருங்க. போல்ட் இருக்கிறதா? பிரேக் லைட் ஒயர் ஓடுகிறதா? டேப்போடு சேர்த்து போல்ட்டும் போட்ட ஸ்பாய்லர்கள் உண்டு. போல்ட் இருந்தால் கழற்றின பிறகு தகரத்தில் ஓட்டை நிற்கும். மழை உள்ளே இறங்கும், துரு பிடிக்கும். அதை அடைக்கிற வழி தெரியாமல் கை வைக்காதீங்க.

அடுத்த செக்-அப் இன்னும் முக்கியம். ரப்பர் பீடிங் ஓரத்தில் பெயின்ட் துளிகள் தெரிகிறதா? டிக்கி கலர் பக்கத்துப் பகுதியிலிருந்து லேசாக மாறுகிறதா? அப்படியென்றால் ஏற்கெனவே பட்டி பார்த்து, மறுபடி பெயின்ட் அடித்த வண்டி. ஸ்பாய்லர் ஓரத்தில் விரிசலோ கொப்புளமோ இருந்தால் என் ஓட்டு, அதை அப்படியே விட்டுவிடுவதற்குத்தான். கடகட சத்தத்தோடு வாழப் பழகிக்கலாம்!

தேறிவிட்டதா? வண்டியை நல்லாக் கழுவுங்க. ஒரு மணல் துகள் நூலுக்கு அடியில் சிக்கினாலும் கோடு விழும். ஸ்பாய்லரைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. அப்புறம் சூடு. நம்ம ஊர் மத்தியான வெயில் பாதி வேலையை ஃப்ரீயாகச் செய்துவிடும். மீதிக்கு அக்காவின் ஹேர் டிரையர் போதும். ஒரு ஜாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்க. கை வைத்தால் ரெண்டு மூணு செகண்ட் தாங்கணும், அந்த அளவு போதும். ஹீட் கன் வேண்டாம். அதன் வாயில் 500 டிகிரிக்கு மேல்கூடப் போகும். பெயின்ட் கொப்புளிக்கிறது தெரிவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

இப்போ நூல். தூண்டில் நரம்பு பெஸ்ட், பல் இடுக்கில் விடுகிற ஃப்ளாஸும் ஓகே. மாஞ்சா நூலை நினைத்துக்கூடப் பார்க்காதீங்க, அதில் இருப்பது கண்ணாடித் தூள்! ரெண்டு முனையிலும் குச்சி கட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர், ரம்பம் மாதிரி மெதுவாக இழுங்க. நரம்பு பெயின்ட்டை அழுத்தாமல், ஸ்பாய்லர் பக்கமே ஒட்டி ஓடட்டும். இறுகினால் மறுபடி சூடு. நரம்பு அறுந்தால் புதுசு. இங்கேதான் பொறுமை போய், 'மச்சி, கொஞ்சம்தான் இருக்கு, இழுத்துடலாம்டா' என்று ஒரு குரல் வரும். அந்த நண்பனை டீ வாங்க அனுப்பிவிடுங்க. கடைசி ரெண்டு இஞ்ச்சில் அவசரப்பட்டால்தான் பெயின்ட் கையோடு வரும்.

ஸ்பாய்லர் வந்தாச்சு. பாடியில் மிச்சம் நிற்கிற ஃபோமை லேசாகச் சூடாக்கி, கட்டைவிரலால் உருட்டினால் ரப்பர் அழுக்கு மாதிரி திரண்டு வரும். கத்தி, பிளேடு, ஸ்டீல் ஸ்கேல் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பலாப்பழம் வெட்டும்போது கையில் எண்ணெய் தடவுவோமே, அது மாதிரி பிசுபிசுப்புக்கு டபிள்யூ.டி.-40 கொஞ்சம் துணியில் விட்டு ஊறவைத்துத் துடைங்க. பிறகு ஷாம்பு தண்ணி. தின்னரும் நெயில் பாலீஷ் ரிமூவரும் பசையோடு பெயின்ட்டையும் கரைக்கப் பார்க்கும், அதுவும் மறுபூச்சு வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பெட்ரோல்... சூடான வண்டி, பக்கத்தில் ஹேர் டிரையர். நான் வேறு சொல்லணுமா?

எல்லாம் முடிந்து பார்த்தால், ஸ்பாய்லர் இருந்த இடம் மட்டும் புதுசாகத் தெரியும்! சுற்றியிருக்கும் பெயின்ட் இத்தனை வருஷம் வெயிலில் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். வண்டியை நிழலுக்குத் தள்ளி, பாடி ஆறின பிறகு, சுற்றுப்பகுதியை பாலீஷ் போட்டால் வித்தியாசம் குறையும். சுத்தமாக மறையும் என்று கேரன்டி தர மாட்டேன், சிவப்பு வண்டிக்காரர்களுக்கு நிச்சயமாகத் தர மாட்டேன்.

கழற்றின ஸ்பாய்லரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. வாங்கிக்க உங்க காலேஜ்லயே ஒரு ஜூனியர் கிடைப்பான். மிச்சம் இருக்கிற தூண்டில் நரம்பையும் சேர்த்தே கொடுத்துடுங்க!