சுண்ணாம்பைக் கேளுங்கள்!

பூவிருந்தவல்லிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் பாரிவாக்கம். ஏரி உள்ள ஊர். அங்கே உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஒரு சிறுவன் உரக்கப் படித்துக் கொண்டிருந்தான்.

"பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம். திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம்."

தாத்தா காலத்தில் இதையே பௌதிகம், ரசாயனம் என்றார்கள். பெயர் மாறிவிட்டது. மனப்பாடம் மாறவில்லை!

"தம்பி, ஏரித் தண்ணீர் வெயிலில் வற்றுகிறதே, அது என்ன மாற்றம்?" என்று கேட்டேன்.

"இயற்பியல் மாற்றம், மாமா. ஆவியான தண்ணீர் மழையாகத் திரும்பி வந்துவிடும்."

"சரி. அரிசியை மாவாக அரைக்கிறோமே?"

சற்றுத் தயங்கினான். "மாவு திரும்ப அரிசி ஆகாது. ஆகவே வேதியியல் மாற்றம்!"

பையன் மீது குற்றமில்லை. படித்த சூத்திரத்தின்படிதான் சொன்னான். சூத்திரம்தான் கோணல்.

எது உரைகல்?

மாவு திரும்ப மணியாகாது. ஆனால் மாவும் அரிசிதானே? வடிவம் மாறியதே தவிர, பொருள் மாறவில்லை. எனவே அது இயற்பியல் மாற்றம்.

அந்த மாவையே கரைத்துப் புளிக்க வைத்தால்? நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையை அமிலமாக்குகின்றன. வாயு உண்டாகி மாவு பொங்குகிறது. இது வேதியியல் மாற்றம்.

"புதுப் பொருள் பிறந்ததா?" இந்த ஒரு கேள்விதான் உரைகல்.

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் நாளுக்கு நாள் சிறுத்துப் போகிறது. காற்றோடு கலந்தாலும் அது கற்பூரமே. ஏற்றினாலோ, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் கரிப்புகையாகவும் மாறிவிடுகிறது. முன்னதில் கற்பூரம் ஊரை விட்டுப் போகிறது. பின்னதில் உயிரை விட்டுப் போகிறது!

போனது வந்தது

வேதியியல் மாற்றம் திரும்பி வராது என்பவர்கள் சுண்ணாம்பைக் கேட்கட்டும். பழவேற்காட்டுக் கிளிஞ்சல் முன்பு பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் சென்னைக்கு வந்தது. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டில் 44 கிராம் வாயுவாகப் போய், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் கொதித்து, நீர்த்த சுண்ணாம்பாகும். சுவரில் பூசினால், காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல இழுத்து, மீண்டும் அதே கால்சியம் கார்பனேட்டாக இறுகும். போனது திரும்பி வந்துவிட்டது! ஆனாலும் ஒவ்வொரு படியும் வேதியியல் மாற்றமே.

கார் பாட்டரி தினமும் செய்வதும் இந்த வித்தையைத்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

லண்டனில் 1860-ம் ஆண்டின் இறுதியில் மைக்கேல் பாரடே சிறுவர்களுக்கு அறிவியல் சொல்ல எடுத்துக் கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தி. அதை வைத்தே ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். நமக்கோ அடுப்பங்கரையே ஆய்வுக்கூடம். செலவும் இல்லை.

தேர்வில் "இது எந்த மாற்றம்?" என்று கேட்டால் போதாது. "எப்படிக் கண்டாய்?" என்றும் கேட்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதியாவது அந்த விடைக்குத் தர வேண்டும். கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, காதால் கேட்டதை எழுதும் பழக்கம் பள்ளியோடு நிற்காது. வளர்ந்த பிறகும், யார் எதைச் சொன்னாலும் தலையாட்ட வைக்கும்.

நான் புறப்படும்போது பையன் ஓடி வந்தான்.

"மாமா, சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தால் என்ன மாற்றம்?"

"நீயே சொல். புதுப் பொருள் பிறந்ததா?"

உள்ளே ஓடினான். ஒரு நிமிடத்தில் நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

"இல்லை மாமா. சர்க்கரை அதில்தான் இருக்கிறது!"