தொட்டிச் செடிக்கு எப்போது தண்ணீர்?

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இப்போது அடுக்குமாடி வீடுகள்தான் அதிகம். தோட்டம் போட இடம் இல்லை. அதனால் செடிகள் வீட்டுக்குள் வந்துவிட்டன.

இவற்றுக்கு எப்போது தண்ணீர் ஊற்றலாம்? காலை 7 மணிக்குள் என்பேன்.

மொட்டை மாடி டாங்கை நினைத்துப் பாருங்கள். கத்திரி வெயிலில் பகல் 2 மணிக்குக் குழாயைத் திறந்தால் கை சுடும். அதை வேரில் ஊற்றலாமா? விடியற்காலையில் அதே தண்ணீர் ஆறி இருக்கும். செடியும் பகல் வெளிச்சத்தில்தான் தண்ணீரை நன்றாக உறிஞ்சும்.

ஆபீஸ் விட்டு வந்து, இரவு 10 மணிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. சவுகரியம் அவர்களுக்கு, சங்கடம் செடிக்கு! வீட்டுக்குள் காற்றோட்டம் குறைவு. மண் ஈரமாகவே கிடக்கும். வேர் அழுகிவிடும்.

தினமும் ஊற்றவேண்டும் என்பதும் இல்லை. மண்ணில் ஓர் அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

குடிநீரை ஏன் ஊற்றவேண்டும்? 2019-ம் ஆண்டு கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. குடத்துடன் தெருவில் நின்றதை மறக்க முடியுமா? அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுங்கள். காலைச் சமையலின்போது அது தானாகக் கிடைக்கிறது.

தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் தேங்கினால் அன்றே கொட்டிவிடுங்கள். டெங்கு கொசு அதில் முட்டை இடும். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை தட்டைத் தேய்த்துக் கழுவவேண்டும்.