மழைக்கு லீவு வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும்

என் மகள் இருப்பது மினசோட்டாவில். போன ஜனவரியில் ஒரு நாள் போன் பேசிக்கொண்டிருந்தபோது பேரன் வீட்டிலேயே உட்கார்ந்து ஏதோ கொறித்துக்கொண்டிருந்தான். "என்னடா, ஸ்கூல் இல்லையா?" என்றேன். "டூ அவர் டிலே தாத்தா" என்றான். வெளியே மைனஸ் இருபத்தைந்து டிகிரியாம். வெயில் கொஞ்சம் ஏறட்டும் என்று பள்ளியை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறார்கள். குளிர் இன்னும் மோசமானால்தான் அடியோடு மூடுவார்களாம். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளையின் காது மடல் எத்தனை நிமிடத்தில் உறையும் என்றுகூட அவர்களிடம் கணக்கு இருக்கிறது.

நம் அம்பத்தூர், ஆவடி பக்கம் குளிர் என்றால் மார்கழியில் மப்ளர் கட்டிக்கொண்டு வாக்கிங் போவதுதான். நமக்கு லீவு என்றால் மழை லீவு. அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் காரமாகவே எழுதப் போகிறேன். முப்பத்து நான்கு வருடம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்து, கடைசி ஏழு வருடம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "எங்க காலத்துல இடுப்பளவு தண்ணியில ஸ்லேட்டைத் தலைமேல வச்சிக்கிட்டுப் போனோம், இப்ப தூறலுக்கெல்லாம் லீவு விடறானுங்க" என்று பார்க் பெஞ்சில் தினமும் ஒருவர் சொல்கிறார். நண்பரே, அப்போது நம் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருந்தது. பெய்த தண்ணீர் வயலிலும் ஏரியிலும் போய்ச் சேர்ந்தது. இப்போது கொரட்டூர் ஏரிக்கும் அம்பத்தூர் ஏரிக்கும் பக்கத்தில் வீடு கட்டி உட்கார்ந்திருப்பது நாம்தான். பிள்ளைகள் எட்டு கிலோமீட்டர் வேனில் போகிறார்கள். ரோட்டில் மூடியில்லாத மழைநீர்க் கால்வாய், மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம், எங்கே அறுந்து கிடக்கிறது என்று தெரியாத கரண்ட் வயர். வீரம் பேச இது இடமில்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்களே, அந்த மாதிரி நாளில் பள்ளியைத் திற என்று எவனாவது சொன்னால் அவனைத்தான் முதலில் உள்ளே வைக்க வேண்டும். அந்த வருடம் வாரக்கணக்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தன, அரையாண்டுத் தேர்வையே ஜனவரிக்குத் தள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் அப்படித்தான். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. பள்ளிக்கூடங்களே நிவாரண முகாம்களாக மாறிவிடுகிற நாட்கள் அவை.

நான் பேசுவது மற்ற நாட்களைப் பற்றி. வருடத்துக்கு ஐந்தாறு வருமே, ராத்திரி கொட்டி, விடியற்காலையில் கொட்டி, ஒன்பது மணிக்கு வெறித்து, பதினொரு மணிக்குச் சுள்ளென்று வெயிலடிக்கும் நாட்கள். வடகிழக்குப் பருவமழையின் குணமே அதுதான். கடற்கரையை ஒட்டிய நம் ஊர்களில் பின்னிரவிலும் அதிகாலையிலும்தான் அதன் ஆட்டம் அதிகம். அந்த நேரத்தில்தான் லீவு முடிவும் எடுக்கப்படுகிறது. ஆறரை மணிக்கு டி.வி.யில் சிவப்புப் பட்டை ஓடுகிறது. பத்து மணிக்கு அதே பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

2024 அக்டோபர் நினைவிருக்கிறதா? ரெட் அலர்ட் என்றார்கள். ரெட் என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் ஜனங்கள் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். 15ஆம் தேதி மழை பெய்தது, சரி. 16ஆம் தேதியும் நாலு மாவட்டத்துக்கும் லீவு. அன்று எதிர்பார்த்த மழை வரவில்லை. நான் வானிலைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. காற்றழுத்தத் தாழ்வு கொஞ்சம் வடக்கே நகர்ந்தால் கணக்கு மாறும், அது அவர்கள் கையில் இல்லை. ஆனால் நம்மிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்விட்ச். ஒன்று முழுதாக எரியும், இல்லாவிட்டால் முழுதாக அணையும். நடுவில் எதுவும் இல்லை.

ஏன் இல்லை? பஞ்சாபில் ஜனவரி மூடுபனிக்குப் பள்ளிகளைக் காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். டெல்லியில் 2024 ஜனவரியில் எந்தப் பள்ளியும் ஒன்பதுக்கு முன் தொடங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அமெரிக்காவரை போக வேண்டாம், நம் நாட்டிலேயே இருக்கிற வழக்கம்தான். குளிருக்குச் செய்வதை மழைக்குச் செய்யக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? ஒன்பது மணிப் பள்ளியைப் பதினொரு மணிக்கு வை. அதற்குள் மழை விட்டதா, தண்ணீர் வடிந்ததா என்று தெரிந்துவிடும். விடவில்லை என்றால் ஒன்பதரைக்கு லீவு சொல்லு. பிள்ளை வீட்டில்தானே இருக்கும், பாதி வழியில் நனைந்துகொண்டு நிற்காது.

அடுத்தது இந்த மாவட்ட எல்லைக் கூத்து. அம்பத்தூர் 2011ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2018ல் சென்னை மாவட்டத்துக்கே போய்விட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நின்றுவிட்டன. அதனால் அம்பத்தூர் ஸ்டேஷனில் ஒரு கலெக்டர், அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயலில் வேறு கலெக்டர். மேகத்துக்கு இது தெரியுமா? பூந்தமல்லி பக்கம் இன்னும் விசேஷம். காட்டுப்பாக்கம் திருவள்ளூர், ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம், போரூர் சென்னை. ஒரே ரோட்டில் சைக்கிளில் போனால் அரை மணிக்குள் மூன்று மாவட்டம். அண்ணன் படிக்கும் பள்ளிக்கு லீவு, தங்கை படிக்கும் பள்ளிக்கு லீவு இல்லை என்று ஒரே வீட்டில் நடக்கிறது. அம்மா யாரை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவாள்?

இன்னொரு பக்கம், திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டிலிருந்து பள்ளிப்பட்டு வரை நீளுகிறது. கடலோரத்தில் கொட்டினால் ஆந்திர எல்லையில் இருக்கும் பிள்ளைக்கும் லீவு. அமெரிக்காவிலும் 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் ஓர் ஊரோ, நாலைந்து ஊரோ சேர்ந்தது. விடிவதற்குள் ரோடு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு சொல்கிறார்கள். நம்மிடம் கலெக்டர் ஒருவர் அத்தனை ஊர்களுக்கும் சேர்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அதுவும் வெள்ளம், மின்சாரம், ஏரிக்கரை என்று ஆயிரம் தலைவலிக்கு நடுவில்.

இதெல்லாம் கோட்டையில் இருப்பவர்களுக்குத் தெரியாததில்லை. சில வருடங்களுக்கு முன் பள்ளிக் கல்வித் துறையே கலெக்டர்களுக்கு எழுதியது. லேசான மழைக்கெல்லாம் விடுமுறை விடாதீர்கள், பாதித்த பகுதிக்கு மட்டும் விடுங்கள், பள்ளி தொடங்குவதற்கு முன்கூட்டியே சொல்லுங்கள், சனிக்கிழமையில் ஈடு செய்யுங்கள் என்று. நல்ல கடிதம். பிறகும் ஏன் மாவட்டம் முழுவதும் லீவு? காரணம் எளிது. லீவு விட்டு மழை வராவிட்டால் ஒரு நாள் மீம்ஸ் போடுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். லீவு விடாமல் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த அதிகாரியின் கதை முடிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கை அந்த ஸ்விட்சுக்குத்தான் போகும். ஆகவே ஆளைத் திட்டிப் பயனில்லை, வேறு ஸ்விட்சுகளை வைத்துக் கொடுக்க வேண்டும்.

சரி, லீவு விட்டாயிற்று. பிள்ளை பத்திரம் என்று எல்லோரும் பெருமூச்சு விடுகிறோம். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது?

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு மழை லீவு கிடையாது. ஷிஃப்ட்டுக்குப் போகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் கிடையாது. தாழ்வான இடத்தில் இருக்கும் ஒற்றை அறை வீட்டில், வாசல்படிவரை தண்ணீர் நிற்க, எட்டு வயது அக்கா நாலு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். கான்கிரீட் கட்டடத்தில், ஆசிரியர் கண்ணெதிரில் இருப்பது அந்த அக்காவுக்கு ஆபத்து என்றும், இது பாதுகாப்பு என்றும் நாம் முடிவு செய்திருக்கிறோம்.

தனியார் பள்ளிகள் 'ஆன்லைன் கிளாஸ்' என்று சமாளித்துக்கொள்கின்றன. இந்த வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு ஆட்டோவில் போய்விட்டது.

சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசுவதில்லை. எம்.ஜி.ஆர். 1982ல் சத்துணவைக் கொண்டுவந்தார். 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் ஆரம்பித்தது, மறு வருடம் ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. தொடக்கப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு ஒரு நாள் மழை லீவு என்றால் இரண்டு வேளைச் சாப்பாடு லீவு. தொடர்ந்து நாலு நாள் என்றால் எட்டு வேளை. அப்பா கட்டட வேலைக்காரர் என்றால் அதே நாலு நாளும் அவருக்கும் கூலி இல்லை. வீட்டில் அடுப்பு எரிவதற்கு வழி இல்லாத நாளாகப் பார்த்துத்தான் நாம் பள்ளி அடுப்பையும் அணைக்கிறோம்.

நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது ஒரு நவம்பரில் லீவுச் செய்தி ஏழே முக்காலுக்கு வந்தது. அதற்குள் முப்பது, நாற்பது பிள்ளைகள் கேட்டுக்குள் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் சட்டை நனைந்து நடுங்கிக்கொண்டு. சத்துணவு அமைப்பாளர் அம்மா மழையென்று சீக்கிரமே வந்து உலை வைத்துவிட்டார். "சார், லீவு விட்டுட்டாங்களே, அட்டெண்டன்ஸ் இல்லாம எந்தக் கணக்குல எழுதறது?" என்றார். "முதல்ல போடுங்கம்மா, கணக்கை நான் பாத்துக்கறேன்" என்றேன். சாதமும் முட்டையும் போட்டு, மழை விட்டபின் ஒவ்வொரு பிள்ளையாக வீட்டுக்கு அனுப்பினோம். விடுமுறை நாளில் உணவு வழங்கியது ஏன் என்று பிறகு மேலேயிருந்து எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். 'பசித்ததால்' என்று ஒரே வார்த்தையில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் கேள்வி வரவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். வெள்ளம் புகுந்த பள்ளியைத் தவிர மற்ற இடங்களில், லீவு விட்டாலும் அடுப்பை அணைக்காதீர்கள். வர முடிந்த பிள்ளை வந்து சாப்பிட்டுப் போகட்டும். தாலுகா அளவில் முடிவெடுங்கள். அந்தந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர் தன் வாசலில் முழங்கால் தண்ணீர் நின்றால் மூடலாம், அதற்காக அவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் போதாது. நானே அந்த நாற்காலியில் இருந்தவன். எழுத்தில் இல்லாத அதிகாரம் விசாரணை நாளில் காணாமல் போய்விடும்.

கட்டடம் இடிந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று பிள்ளைகள் போனார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் விழுகிற சுவருக்கு மருந்து லீவு இல்லை, அதை மழைக்கு முன் செப்டம்பரிலேயே இடித்துத் தள்ளுவது. மழை நாளில் விழாத சுவர் மறுநாள் வெயிலில் விழாது என்று யார் உத்தரவாதம் தருவது?

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. 2023ல் ஜூன் முதல் தேதி திறக்க வேண்டிய பள்ளிகளை வெயிலுக்காகத் தள்ளித் தள்ளி, பெரிய வகுப்புகளை 12ஆம் தேதியும் சின்ன வகுப்புகளை 14ஆம் தேதியும் திறந்தார்கள். 19ஆம் தேதி சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மழைக்காக லீவு. ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த குழந்தை பள்ளிக்கூடம் என்றால் என்னவென்று நினைத்திருக்கும்! கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்புவரை 200 நாள், ஆறிலிருந்து எட்டுவரை 220 நாள் என்கிறது. இனி வெயிலும் கூடும், மழையும் ஒரே நாளில் கொட்டும் என்கிறார்கள். இரண்டு பக்கமும் நாளைத் தின்றால், மிச்சம் சனிக்கிழமைதான்.

அந்த ஈடு செய்யும் சனிக்கிழமையைப் பற்றி என் பழைய சகாக்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லிவிடுகிறேன். பாதி வகுப்பு வராது, வந்த பாதிக்கும் பாடம் நடக்காது, ரிஜிஸ்தரில் மட்டும் ஒரு நாள் ஏறும். மழை நாளில் பதினொரு மணிக்குத் திறந்து நாலு மணிநேரம் பாடம் நடத்தினால், அது அந்தச் சனிக்கிழமையைவிட எவ்வளவோ மேல். ஆசிரியர்களுக்கும் நல்லது. திருத்தணியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் மின்சார ரயிலில் வருகிறவர்கள் மழை நாளில் எட்டரைக்கு வந்து சேர முடியாது, பத்தரைக்கு முடியும்.

வாட்ஸப்பில் போன வருட லீவுச் செய்தியைத் தேதி மாற்றி அனுப்பும் அன்பர்கள் இரண்டு மணி நேரத் தாமதத்தையும் விட்டுவைக்க மாட்டார்கள், அது தெரியும். அதற்கும் ஒரு வழி என் முன்னாள் மாணவன் ஒருவன் சொன்னான். சிலிண்டர் புக் பண்ணினால் மெசேஜ் வருகிறது, ரேஷனில் பொருள் வாங்கினால் மெசேஜ் வருகிறது. பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோர் நம்பரும் ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு மெசேஜ் அனுப்ப என்ன செலவாகும், சார்?